தோலோடு காத்த விதை: பச்சைக் காப்பிக் கொட்டையும் ஒரு பழைய பழிச்சொல்லும்

தகடூர் என்று சங்கப் பாடல்கள் போற்றும் ஊரே இன்றைய தருமபுரி. அவ்வூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை, ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியோடு சேர்த்தே தமிழுலகம் நினைவிற் கொள்கிறது. அவன் குலத்துக்குரிய மற்றொரு பெருமை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கரும்பை இந்நிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அவன் முன்னோரே என்று புறநானூற்றின் 99ஆம் பாடலில் ஔவையார் பாடுகிறார். வேற்று நிலத்துப் பயிரொன்றைத் தம் மண்ணில் ஊன்றியவரை, போர் வென்றவருக்கு நிகராகப் பாட்டில் வைத்துப் போற்றிய மரபு அது.

அதே நிலப்பகுதிக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து இன்னொரு பயிர் வந்து சேர்ந்தது. தருமபுரிக்கு அருகேயுள்ள வத்தல்மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, கேழ்வரகுடன் காப்பியும் மிளகும் பயிரிட்டு வருகின்றனர். அதற்குத் தெற்கே சேர்வராயன் மலையில், ஏற்காட்டில், 1820களில் சேலம் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் காப்பித் தோட்டமிட்டார். 1965இல் தனி மாவட்டமாகும் வரை தருமபுரி சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அதற்கும் முற்பட்ட காலத்தை நோக்கினால், 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பினியாரிடம் விட்டுக்கொடுக்கும் வரை, தருமபுரியும், இந்தியக் காப்பியின் தாயகம் எனப்படும் பாபா புதன் மலையும் மைசூர் என்னும் ஓர் ஆட்சியின் கீழ் இருந்தவை. ஆகவே காப்பியின் வரலாற்றைத் தருமபுரியிலிருந்து எண்ணிப் பார்ப்பது பொருத்தமற்றதாகாது.

காப்பியின் வரலாறு பெரும்பாலும் அருந்துதலின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எப்போது அருந்தினர், எவர் தடுத்தனர், எவர் அனுமதித்தனர் என்பனவே அதன் அத்தியாயங்கள். வறுக்கப்படாத பச்சைக் கொட்டையை மக்கள் எவ்வாறு காத்து வைத்தனர் என்ற வினாவைக் கேட்பவர் சிலரே. அடுக்களைக்கும் பண்டக அறைக்கும் உரிய சிறு செய்தி என்று அதனை ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும் இச்சிறு செய்தியைச் சரிவர அறியாததனால், முஸ்லிம்கள் மீது சுமத்தப்பட்ட ஒரு பழிச்சொல்லை நாமே நம் கட்டுரைகளில் பெருமையோடு திரும்பத் திரும்ப எழுதி வருகிறோம். அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்தப் பழிச்சொல் இதுதான்: யமன் நாட்டு அரபு வணிகர்கள், காப்பிச் செடி பிற நாடுகளில் முளைத்துத் தம் வருவாய் குன்றிவிடக் கூடாதென்று அஞ்சி, ஏற்றுமதியாகும் கொட்டைகளையெல்லாம் கொதிநீரில் இட்டோ நெருப்பில் வாட்டியோ முளைத்திறனை அழித்தே விற்றனர், அந்தக் காவலை ஏய்த்து ஏழு கொட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்தவர் பாபா புதன். இக்கதையில் ஒரு முஸ்லிம் சமூகம் கருமியாகவும், ஓர் இறைநேசர் கடத்தல்காரராகவும் காட்டப்படுகின்றனர். இதில் எவ்வளவு உண்மை என்பதைக் கொட்டையின் இயல்பைக் கொண்டே ஆராய்வோம்.

பன்னும் கஹ்வாவும்

அரபு மொழியில் கொட்டைக்குப் பன்னு என்றும், அதிலிருந்து இறக்கும் பானத்துக்குக் கஹ்வா என்றும் பெயர். கொட்டையின் உலர்ந்த மேல்தோலுக்குக் கிஷ்ர் என்று பெயர். யமன் மக்கள் இன்றளவும் அத்தோலைக் கொதிக்க வைத்து இஞ்சி முதலியன சேர்த்து அருந்துகின்றனர். மொழி இம்மூன்றையும் தனித்தனியே பெயரிட்டு வைத்திருப்பதே, அம்மக்கள் காப்பியைப் பானமாக மட்டுமன்றிக் காக்கத்தக்க பண்டமாகவும் அறிந்திருந்தனர் என்பதைக் காட்டும்.

15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கங்களில் விழித்திருக்கக் கஹ்வாவை அருந்தினர். மொக்கா நகரின் காவலராகக் கருதப்படும் அலீ இப்னு உமர் அஷ்ஷாதுலி (இறப்பு ஹிஜ்ரி 821, கி.பி. 1418), ஏடன் நகரின் ஜமாலுத்தீன் அத்தப்ஹானீ (இறப்பு ஹிஜ்ரி 875, கி.பி. 1470) ஆகியோரின் பெயர்கள் இதன் தொடக்கத்தோடு இணைத்துக் கூறப்படுகின்றன. 16ஆம் நூற்றாண்டில் அப்துல் காதிர் அல்ஜஸீரீ கஹ்வாவின் ஆகுமான தன்மையை நிறுவுவதற்கென்றே 'உம்தத்துஸ் ஸஃப்வா' என்னும் நூலை யாத்தார். 1511இல் (ஹிஜ்ரி 917) மக்காவில் காயிர் பேக் என்னும் அதிகாரி கஹ்வாவைத் தடைசெய்ததும், அத்தடை நெடுநாள் நீடிக்காமற் போனதும் நம் வாசகர்கள் அறிந்தவையே. 1616ஆம் ஆண்டளவில் முகலாய இந்தியாவுக்கு வந்த ஆங்கிலப் பாதிரியார் எட்வர்ட் டெர்ரி, மார்க்கப் பற்று மிக்கவர்கள் மதுவை விலக்கிக் காப்பி அருந்துவதை எழுதியிருக்கிறார். காப்பிச் செடி இந்நாட்டில் பரவுமுன்பே காப்பிக் கொட்டை கடல் கடந்து இங்கே வந்துகொண்டிருந்தது என்பது இதனால் தெளிவாகும்.

யமன் மலைச் சரிவுகளில் விளைந்த கொட்டை, திஹாமா சமவெளியிலுள்ள பைத்துல் ஃபகீஹ் சந்தைக்கு வந்து, அங்கிருந்து மொக்காவுக்கும் பிற துறைகளுக்கும் சென்றது. அம்மலைநாட்டு உழவர்கள் பழத்தைப் பறித்து வீட்டின் மொட்டைமாடியில் அப்படியே உலர்த்துவர். உலர்ந்ததைத் தோல் நீக்காமலே வீட்டில் சேமித்து வைப்பர். பணத்தேவை நேரும்போது வேண்டிய அளவை எடுத்து, திரிகைக் கல்லிலிட்டுத் தோல் உடைத்து விற்பர். உழவனின் வைப்புநிதியே அவன் வீட்டிலிருந்த காப்பிதான் எனலாம். இம்முறை இன்றும் அங்கே அழிந்துவிடவில்லை.

உறைக்குள் உறை

ஏன் தோலோடு வைத்தனர்? காப்பிப் பழத்தின் அமைப்பை அறிந்தால் விடை கிடைக்கும். சிவந்த மேல்தோல், அதனுள் சதை, அதனுள் வழவழப்பான பசைப்படலம், அதனுள் தோட்டக்காரர்கள் பார்ச்மென்ட் என அழைக்கும் கடினமான ஓடு, அதனுள் வெள்ளிப் படலம் எனும் மெல்லிய சவ்வு, அதற்கும் உள்ளே பெரும்பாலும் இரண்டு கொட்டைகள். இறைவன் அதனை உறைக்குள் உறையாகப் பொதிந்து வைத்திருக்கிறான். இவ்வுறைகள் ஈரம், வெப்பம், அயல் வாசனை, பூச்சி ஆகியவற்றின் தாக்குதலைத் தணிப்பவை. மேல்தோலோடு உலர்த்தியதையும், பார்ச்மென்ட் ஓட்டோடு உலர்த்தியதையும், முழுதும் உரித்த கொட்டையையும் ஒரே அறையில் வைத்துப் பார்த்தால், முதலில் நிறமும் மணமும் குன்றுவது உரித்த கொட்டையே.

திருமறையின் 12ஆம் அத்தியாயமான சூரா யூசுஃபை ஓதுவோருக்கு இது புதிய பாடமன்று. எகிப்து மன்னனின் கனவுக்குப் பொருள் கூறிய யூசுஃப் நபி (அலை), ஏழாண்டுக் காலம் பயிரிட்டு, உண்பதற்கான சிறிதளவு நீங்கலாக எஞ்சியதைக் கதிரிலேயே விட்டு வைக்குமாறு அறிவுரை பகர்ந்ததை 47ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. உணவு உமியோடு இருக்கும் வரையில் காலத்தைத் தாங்கும் என்னும் சேமிப்பு நெறியை அதில் நாம் காண்கிறோம். யமன் உழவனின் மொட்டைமாடியும் மிஸ்ரு நாட்டுக் களஞ்சியமும் ஒரே நெறியைப் பின்பற்றியவையே. பழைய மைசூர், பாராமகால் பகுதிகளில் கேழ்வரகை நிலத்தடிக் குழிகளிலிட்டுப் பல ஆண்டுகள் காத்த நம் உழவர்களும், காற்றும் ஈரமும் புகாத உறையின் பயனை அறிந்தவர்களே ஆவர்.

உயிரைக் காப்பதும் சுவையைக் காப்பதும்

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளவேண்டும். கொட்டையின் சுவையைக் காப்பது வேறு, அதன் உயிரைக் காப்பது வேறு. அருந்துவதற்கான கொட்டையை நன்கு உலர்த்த வேண்டும். அதன் ஈரம் நூற்றுக்கு 10 முதல் 12 பங்குக்குள் இருத்தல் நலம். அதற்கு மேல் போனால் பூஞ்சணம் பற்றும். விதைக்கான கொட்டையை அவ்வாறு வெயிலில் காயவிட்டால் முளைக்கருவுக்கு ஊறு நேரும். நெல்லையும் கேழ்வரகையும் போலக் காப்பி விதை நெடுங்காலம் உறங்கிக் கிடந்து பின்னர் எழும் இயல்புடையதன்று. சாதாரண அறைச் சூழலில், ஓட்டோடு வைத்த அராபிகா விதைகூட ஆறு மாத அளவில் முளைத்திறனைப் பெரிதும் இழந்துவிடும். உரித்துக் காயவைத்த கொட்டையின் முளைத்திறன் அதனினும் விரைவில் போய்விடும்.

நம் நாட்டு நாற்றங்கால் முறையே இதற்குச் சான்று. முற்றிப் பழுத்த பழங்களைத் தேர்ந்தெடுத்துக் கையால் பிதுக்கி, ஓடு நீங்காத விதையைச் சலித்த மரச்சாம்பலோடு கலந்து, வெயில் படாமல் நிழலில் உலர்த்தி, காலந்தாழ்த்தாமல் விதைப்பது தென்னிந்தியத் தோட்டங்களின் வழக்கம். சிக்மகளூர் மாவட்டம் பாலெஹொன்னூரில் 1925இல் தொடங்கப்பெற்ற காப்பி ஆராய்ச்சி நிலையம் இத்தகைய விதைகளைத் தேர்ந்து உழவர்களுக்கு வழங்கி வருகிறது. குடிக்கும் கொட்டைக்கு வெயில், விதைக்கும் கொட்டைக்கு நிழல் என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

இந்த உண்மையை நெஞ்சிற் கொண்டு மொக்காத் துறைமுகத்தை நோக்குவோம். அங்கே கப்பலேறிய கொட்டை, மலையில் காய்ந்து, வீட்டில் மாதக்கணக்கில் கிடந்து, திரிகையில் தோலுடைந்து, கடற்பயணத்தில் ஈரத்தால் கெடாதிருக்க மீண்டும் உலர்த்தப்பட்டது. அதன் பின்னர் மரக்கலத்தின் அடித்தளத்தில் மாதக்கணக்கான பயணம். ஐரோப்பாவில் அதனை மண்ணில் ஊன்றியவர்களுக்கு ஒரு முளையும் கிட்டவில்லை என்றால் அதில் வியப்பென்ன? அதனைக் கொல்லக் கொதிநீர் எதற்கு? மேலும், கொதிநீரில் அமிழ்த்திய கொட்டை மீண்டும் ஈரமுற்றுப் பூஞ்சணம் பூத்துச் சரக்கே வீணாகும். தம் வாழ்வாதாரமான பண்டத்தைத் தாமே கெடுத்து விற்கும் வணிகர் எந்நாட்டிலும் இலர்.

இது நம் சமூகப் பற்றினால் நாம் கூறும் வாதமன்று. பிரெஞ்சுத் தாவரவியலாளர் அந்துவான் த ஜுசியூ 1713ஆம் ஆண்டில் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு அளித்த காப்பி பற்றிய ஆய்வுரையில் இதே முடிவுக்கு வந்திருக்கிறார். காப்பி விதையைப் புதிதாய் இருக்கும்போதே விதைத்தாக வேண்டும் என்பதை எடுத்துக்காட்டிய அவர், கொட்டையைக் கொதிநீரில் தோய்த்தும் நெருப்பில் உலர்த்தியும் விற்பதாக அந்நாட்டு மக்கள் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டிலிருந்து இவ்வியல்பே அவர்களை விடுவிக்கிறது என்று எழுதினார். முஸ்லிமல்லாத, யமனோடு வணிக உறவு ஏதுமற்ற ஓர் அறிஞர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நீக்கிய பழியை, நாம் இன்றும் சுமந்து திரிகிறோம்.

செடி பரவிய வரலாறும் இதனையே வலியுறுத்துகிறது. டச்சுக்காரர்கள் 1696இலும், அது பயன் தராமற் போகவே 1699இலும், மலபார் கரையிலிருந்து ஜாவாவுக்குக் காப்பியைக் கொண்டுசென்றனர். ஜாவாவிலிருந்து 1706இல் ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்துக்குச் சென்றது ஓர் உயிர்ச்செடி. 1714இல் அந்நகரத்தார் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்கு வழங்கியதும் செடியே. 1723இல் த கிளியூ என்னும் படையதிகாரி அட்லாண்டிக் கடலைக் கடந்து மார்த்தினிக் தீவுக்குக் கொண்டுசென்றதும் நாற்றுதான். சந்தையில் மூட்டை மூட்டையாய்க் கொட்டை கிடைக்க, இவர்கள் ஏன் செடியைச் சுமந்தனர்? கொட்டை நெடும்பயணத்தைத் தாங்காது என்பதை அறிந்ததனால்தான்.

மொக்காவின் ஆட்சியாளருக்கு வணிக நலன் எதுவுமே இருந்திராது என்று நாம் வாதிடவில்லை. தம் நாட்டுச் செல்வம் தம்மிடமே தங்க வேண்டும் என்ற விருப்பம் எல்லா நாட்டு ஆட்சியாளருக்கும் உண்டு. ஆனால் விருப்பம் வேறு, விதையைக் கொன்ற செயல் வேறு. இயற்கையே செய்து முடித்த ஒன்றை மனிதரின் வஞ்சகமாக எழுதுவது வரலாறாகாது.

ஏழு கொட்டைகள்

இனிப் பாபா புதனின் கதையை மீண்டும் பார்ப்போம். ஹஜ்ஜுக் கடமையை முடித்துத் திரும்பிய அப்பெரியார், ஏழு கொட்டைகளை யமனிலிருந்து கொண்டுவந்து சிக்மகளூர் அருகிலுள்ள சந்திரதுரோண மலையில் ஊன்றினார் என்பது வாய்வழி மரபு. அது 1670ஆம் ஆண்டளவில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுகிறது. அவர் கொட்டைகளை இடுப்பில் கட்டி வந்தார் என்பர் சிலர், தாடியில் மறைத்து வந்தார் என்பர் வேறு சிலர். மரபுக் கதைகள் இவ்வாறு பலவாறாக வளர்வது இயல்பே. அம்மலை அவர் பெயராலேயே வழங்குகிறது. அங்குள்ள குகைத் தலத்துக்கு முஸ்லிம்களும் இந்துக்களும் நெடுங்காலமாக வந்து செல்கின்றனர்.

இம்மரபில் நாம் கவனிக்க வேண்டியது, அவர் எங்கே ஒளித்தார் என்பதையன்று. அவை எவ்வாறு முளைத்தன என்பதையே. ஏழு கொட்டைகள் முளைத்தன என்றால், அவை சந்தை மூட்டையிலிருந்து எடுத்த உரித்த கொட்டைகளாய் இருந்திருக்க இயலாது. அண்மையில் பறித்த, ஓடு நீங்காத, வெயிலில் முறுகக் காயாத விதைகளாகவே அவை இருந்திருக்க வேண்டும். அத்தகைய விதை மரத்தடியில் உழவனின் கையிலிருந்தே கிடைக்கக்கூடியது. விதை எது, பண்டம் எது என்று வேறுபடுத்தி அறிந்த ஒருவர் கொடுத்திருக்க வேண்டும். அல்லது பெற்றவரே அந்த அறிவு உடையவராய் இருந்திருக்க வேண்டும். கப்பலின் உப்புக் காற்றுக்கும் வழிப்பயணத்தின் வெயிலுக்கும் நடுவே அவற்றை உடலோடு சேர்த்துக் காத்தது, ஈரமும் வெப்பமும் அளவோடு இருக்கச் செய்த காப்புமுறை என்றும் கொள்ளலாம். மரபுக் கதையின் உட்பொருளை இவ்வாறு வாசித்தால், பாபா புதன் கடத்தல்காரராய்த் தோன்றமாட்டார். கரும்பு கொணர்ந்த அதியமான் முன்னோரின் வரிசையில், ஓர் அமானிதத்தை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தவராகவே காட்சி தருவார்.

கடற்காற்று கற்பித்த பாடம்

ஈரம் பச்சைக் கொட்டையை எவ்வாறு மாற்றும் என்பதற்கு இந்திய வரலாற்றிலேயே மற்றொரு சான்றும் உண்டு. பாய்மரக் காலத்தில் மலபார், கன்னடக் கரைகளிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற காப்பி, ஆப்பிரிக்க முனையைச் சுற்றிப் பல மாதங்கள் பயணம் செய்தது. கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பச்சைக் கொட்டை பருத்து, நிறம் வெளுத்து, புளிப்பு குன்றி வேறொரு சுவை பெற்றது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து நீராவிக் கப்பல்கள் பெருகியபின் பயணம் குறுகியது, அந்தச் சுவையும் மறைந்தது. அதற்குப் பழகியவர்கள் மீண்டும் அதையே வேண்டினர். அதனால் மங்களூர் முதலிய கடற்கரைப் பண்டகசாலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கொட்டையைப் பரப்பி, கிளறி, அதே மாற்றத்தை வேண்டுமென்றே உண்டாக்கும் தொழில் தோன்றியது. மான்சூன்ட் மலபார் எனப் பெயர்பெற்ற அக்காப்பிக்குப் பிற்காலத்தில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பயிற்சி பெற்றோர் கண்காணிப்பில் நிகழும் மாற்றம் அது. அதே ஈரம் நம் வீட்டு மூலையில் கிடக்கும் மூட்டைக்குள் கேட்பாரற்றுப் புகுந்தால் விளைவது சுவையன்று, கேடு. நூற்றுக்கு 12.5 பங்குக்கு மேல் ஈரமேறிய கொட்டையில் வளரும் பூஞ்சணங்கள் ஓக்ராடாக்ஸின் என்னும் நச்சுப்பொருளை உண்டாக்க வல்லவை. வறுத்தாலும் அது முழுதும் நீங்குவதில்லை. 1990இல் நீலகிரி மாவட்டம் கூடலூரில் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட காய்த்துளைப்பான் என்னும் சிறு வண்டும், ஈரமிக்க கொட்டைக்குள் சேமிப்பிலும் பிழைத்திருக்கும்.

வீட்டுச் சேமிப்பின் நெறிகள்

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழகத்தில் காப்பி பரவியபோது, பச்சைக் கொட்டையை வாங்கி வைத்து, வேண்டும்போது இரும்புச் சட்டியில் வறுத்து, கையால் சுழற்றும் இயந்திரத்தில் அரைப்பதே பல இல்லங்களின் வழக்கமாயிருந்தது. பச்சைக் கொட்டை மாதக்கணக்கில் நிற்கும். வறுத்தது சில வாரங்களிலும், அரைத்தது சில நாட்களிலும் மணம் இழக்கும். இதனை அறிந்தே அவர்கள் பச்சையாக வாங்கினர். அரைத்த தூளும் உடனடிக் காப்பியும் கடைகளை நிறைத்தபின் அவ்வழக்கம் தேய்ந்தது, அதனோடு சேமிப்பறிவும் தேய்ந்தது. இன்று வத்தல்மலையிலும் ஏற்காட்டிலும் விளையும் காப்பியை நேரடியாக வாங்கி இல்லத்தில் வறுக்க விரும்புவோர்க்கு அந்த அறிவு மீண்டும் தேவைப்படுகிறது.

தருமபுரி வட்டாரத்தின் இயல்பு வறட்சி. பங்குனி, சித்திரை, வைகாசியில் வெப்பம் கடுமை. ஆவணி முதல் கார்த்திகை வரை மழையும் ஈரக்காற்றும். முதற்பருவத்தில் கொட்டை அளவுக்கு மேல் காய்ந்து வெளிறி நொறுங்கும். இரண்டாம் பருவத்தில் ஈரம் ஏற்கும். இவ்விரண்டுக்கும் இடையே கொட்டையை ஒரே நிலையில் வைத்திருப்பதே சேமிப்பின் சாரம். மலைத்தோட்டங்களில் அராபிகா அறுவடை கார்த்திகை முதல் தை வரை நிகழும். பழத்தைத் தோலோடு உலர்த்தியதாயின், குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலக்க வேண்டும். உரித்த கொட்டையாயின், கடித்தால் பல் பதியாமல் கடினமாயிருக்க வேண்டும். இயன்றவரை தோலோடு அல்லது ஓட்டோடு வாங்கி வைத்து, இரண்டொரு மாதத் தேவையை மட்டும் உரலில் மெல்லக் குற்றிப் புடைத்து எடுத்துக்கொள்வது யமன் உழவனின் வழியாகும்.

உரித்த கொட்டையே கிடைக்குமானால், இறுக மூடும் பீங்கான் ஜாடியோ தகர டப்பாவோ ஏற்றது. பல அடுக்குகளாலான காற்றுப் புகாத பைகளும் இப்போது கிடைக்கின்றன. மூடுமுன் கொட்டை நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். ஈரத்தோடு மூடுவது பூஞ்சணத்தைச் சிறையிட்டு வளர்ப்பதற்கு ஒப்பாகும். கலத்தைத் தரையிலும் சுவரோடு ஒட்டியும் வைக்காமல், பலகைமேல், அடுப்புச் சூடும் நேர்வெயிலும் படாத இருண்ட இடத்தில் வைக்கவேண்டும். பச்சைக் கொட்டை அண்டை வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். ஆதலால் பெருங்காயம், கருவாடு, சோப்பு, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் அருகே அதற்கு இடமில்லை. தானியத்தில் வேப்பிலை இடும் நல்ல வழக்கமும் இதற்குப் பொருந்தாது. அடிக்கடி வெயிலில் பரப்புவதும் தவறு. அது நிறத்தையும் மணத்தையும் வெளிறச் செய்யும். குளிர்பெட்டியில் வைத்து அடிக்கடி வெளியே எடுத்தால், கொட்டையின்மீது நீர் பூத்து ஈரம் ஏறும்.

இவ்வாறு காத்த கொட்டை ஆறு மாதம் வரை தன் இயல்பு குன்றாதிருக்கும். ஓராண்டு வரை நன்கு பயன்படும். அதற்குமேல் நச்சாகிவிடாது எனினும், நிறம் மஞ்சளித்து, வறுக்கையில் மரத்தூள், சாக்கு ஆகியவற்றின் வாடை வீசத் தொடங்கும்.

சேமிப்பும் பதுக்கலும்

ஓராண்டு என்னும் இந்த அளவு நம்மை மார்க்கத்தின் ஒரு நெறிக்கு இட்டுச் செல்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறுகிறது. பதுக்குபவன் பாவியே என்ற கருத்துடைய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இல்லத்தின் தேவைக்குச் சேமிப்பது ஆகுமானது, விலையேற்றம் கருதி மக்களின் தேவையை முடக்குவது குற்றம் என்பதே இவ்விரண்டையும் இணைத்து அறிஞர்கள் கண்ட முடிவு. பதுக்கல் உணவுப் பண்டங்களில் மட்டுமே நிகழுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எதனை முடக்கினால் மக்களுக்கு இடர் நேருமோ அதனைத் தடுத்து வைப்பதெல்லாம் பதுக்கலே என்பது இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்தாகும்.

இது வெறும் நூலறிவுக்குரிய செய்தியன்று. 1975இல் பிரேசிலில் பனி விழுந்து காப்பிச் செடிகள் கருகியபோது உலகெங்கும் விலை உயர்ந்தது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகாவின் விலை அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது. அத்தகைய காலங்களில் பச்சைக் கொட்டையை மூட்டைகளாய் முடக்கி வைக்கும் ஆசை பெரியவருக்கும் சிறியவருக்கும் எழுவது இயல்பு. கொட்டையின் இயற்கையோ அந்த ஆசைக்கு இடங்கொடுப்பதில்லை. ஓராண்டுக்கு மேல் காத்தால் தன் மணத்தை அது தானே திரும்ப எடுத்துக்கொள்கிறது. இல்லத்தின் தேவைக்கு எவ்வளவு போதும் என்று மார்க்கம் வகுத்த அளவும், கொட்டை தாங்கும் காலமும் ஏறத்தாழ ஒன்றாயிருப்பது சிந்திக்கத்தக்கது.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. யமனின் மலைச்சரிவிலிருந்து சந்திரதுரோண மலைக்கும், அங்கிருந்து பரவிய காப்பி வளம் நம் வத்தல்மலைச் சரிவுகள் வரைக்கும் வந்து சேர்ந்த வரலாற்றில் பெயர் தெரியாத பல கைகள் இருக்கின்றன. விதையைத் தோலோடு காத்தவர், நிழலில் உலர்த்தியவர், பயணத்தில் சுமந்தவர், மண்ணில் ஊன்றியவர் எல்லாரும் அத்தர்மத்தில் பங்குடையவர்களே. அவர்களில் யமன் நாட்டு உழவரையும் வணிகரையும் விதையைக் கொன்றவர்கள் என்று எழுதுவதை நாம் இனியேனும் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஜுசியூ 1713இல் செலுத்திய நியாயத்தை, அவர்களின் சகோதரர்களாகிய நாம் செலுத்தத் தாமதிப்பது முறையன்று. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.